கருவறைக்கு வெளியே ஐந்து நாட்கள்

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு வழி கேட்டால் யாரும் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை. ராஜா சர் இராமசாமி முதலியார் பெயரைத் தாங்கிய, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அரசுப் பிரசவ மருத்துவமனை அது. காசிமேட்டு மீனவர் வீடுகளிலும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் வீடுகளிலும், திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளர் வீடுகளிலும் பல தலைமுறைப் பிள்ளைகளின் பிறப்பு அங்கேதான் பதிவாகியிருக்கிறது.

அந்த வாசலுக்கு வரும் காரணமே வாய்க்காத பெண்களும் இதே தெருக்களில் வாழ்ந்திருக்கிறார்கள். வளைகாப்புக்கு அழைக்கப்படாதவர்கள், கோயில் மரத்தில் சிறு தொட்டில் கட்டிவிட்டு யாரும் பார்க்கும் முன் திரும்பியவர்கள். அவர்களைச் சுட்ட நம் மொழியில் ஒரு கொடிய சொல் இருக்கிறது. அதற்கு இணையான ஆண்பாற் சொல் அகராதியில் கிடக்கிறது, தெருவில் யாரும் அதை எடுத்து வீசுவதில்லை. பிள்ளை இல்லையென்றால் பழி பெண்ணின் உடல்மேல் என்பது நெடுங்காலம் கேள்வி கேட்கப்படாத தீர்ப்பாக இருந்தது.

சோதனைக்குழாய்க் குழந்தை என்று நாம் அழைக்கும் சிகிச்சை வந்தபின் அந்தத் தீர்ப்பு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சிகிச்சை தோற்றால் 'கரு ஒட்டவில்லை, அவள் உடம்பு ஏற்கவில்லை' என்றே சொல்லப்படுகிறது. ஆனால் இச்சிகிச்சையில் கரு தன் முதல் மூன்று அல்லது ஐந்து நாட்களை எவருடைய உடம்பிலும் கழிப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டில், ஒரு துளி திரவத்தில், எண்ணெய்ப் படலத்தின் அடியில், இன்குபேட்டர் என்னும் பெட்டிக்குள் கழிக்கிறது. அந்தத் துளியின் வரலாறு பலரும் அறியாதது. பழியை வேறு இடத்தில் தேடச் சொல்லும் வரலாறு அது.

1956ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் வெஸ்லி விட்டன் என்பவர் சுண்டெலியின் கருக்களை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்டினார். உப்புகளும் குளுக்கோஸும் கலந்த கரைசலில் சிறிது முட்டை வெண்கருவைச் சேர்த்தார். எட்டுச் செல் நிலையில் எடுத்த கருக்கள் அதில் கருக்கோளமாக வளர்ந்தன. இரண்டு ஆண்டுகளில் லண்டனில் ஆன் மெக்லாரனும் ஜான் பிக்கர்ஸும் அவ்வாறு வளர்த்த கருக்களைத் தாய் எலிகளுக்குள் வைத்துக் குட்டிகள் பிறக்கச் செய்தார்கள்.

ஆனால் இரண்டு செல் நிலையிலேயே எடுத்த கருக்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிட்டன. சில கலப்பு வகை எலிகளின் கருக்கள் மட்டும் அந்தத் தடையைத் தாண்டின. மற்ற வகைகளின் கருக்கள் இயல்பிலேயே வலுவற்றவை என்று கருத இடமிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1989இல், சாட்டோ, ஸியோமெக், பாவிஸ்டர் ஆகியோரும் உடனிருந்தவர்களும் கரைசலிலிருந்து குளுக்கோஸை நீக்கினார்கள். குளூட்டமினையும், உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மத்தையும் சேர்த்தார்கள். 'வலுவற்ற' கருக்கள் தடையைத் தாண்டி வளர்ந்தன. குறை கருவில் இல்லை, ஊட்டிய திரவத்தில் இருந்தது. குளுக்கோஸ் உணவுதான், ஆனால் அந்த முதல் இரண்டு நாட்களுக்கு அது ஏற்ற உணவில்லை.

இந்தப் பாவிஸ்டரை மனிதக் கருவின் வரலாற்றிலும் சந்திக்கிறோம். கேம்பிரிட்ஜில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, வெள்ளெலியின் முட்டை உடலுக்கு வெளியே கருவுற கரைசலின் காரத்தன்மை சற்றுக் கூடியிருக்க வேண்டும் என்று கண்டவர் அவர். ராபர்ட் எட்வர்ட்ஸ் அந்தக் கரைசலை மனித முட்டைக்குப் பயன்படுத்தினார். 1969இல் எட்வர்ட்ஸ், பாவிஸ்டர், பேட்ரிக் ஸ்டெப்டோ மூவரும் மனித முட்டை ஆய்வகத்தில் கருவுற்றதை அறிவித்தார்கள்.

அதன்பின் ஓல்ட்ஹாம் நகரில் நடந்ததை 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்த வெற்றிக் கதையாகவே நினைவு வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை. 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் அந்த முயற்சிக்கு உடன்பட்டார்கள். 457 முறை சிகிச்சை தொடங்கப்பட்டது. 112 முறை கரு கருப்பைக்குள் வைக்கப்பட்டது. ஐந்து பேர் கருவுற்றார்கள், பிறந்த குழந்தைகள் இரண்டு. மற்ற 280 பெண்களில் எத்தனை பேர் தன் உடம்பையே நொந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்? தட்டுக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை மருத்துவமே கற்றுக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தட்டுகளை இரவும் பகலும் பார்த்துக்கொண்டவர் ஜீன் பர்டி என்ற செவிலியர். அவர் பெயரும் வெகுகாலம் பின்னாலேயே நின்றது.

அதே 1978இல், அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உடலை மருந்தால் தூண்டி முட்டை எடுத்த மாதத்திலேயே கருவைத் திரும்ப வைக்காமல், அதை 53 நாட்கள் உறைநிலையில் வைத்திருந்து, பின்னொரு இயல்பான மாதவிடாய்ச் சுழற்சியில் வைத்தார். இன்று உலகெங்கும் மருத்துவர்கள் செய்வதும் பெரும்பாலும் இதையே. அன்று மாநில அரசு நியமித்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1986 ஆகஸ்டில் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப்பட்டது. அந்த வெற்றிக்கு உரிய விஞ்ஞானியான டி.சி. ஆனந்த்குமாரே பின்னர் சுபாஷின் குறிப்புகளைப் படித்து, முதன்மை அவருக்கே உரியது என்று 1997இல் எழுதினார். சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1990இல்.

இனி தட்டைச் சூழ்ந்திருப்பவற்றுக்கு வருவோம். வெப்பம் 37 டிகிரி, கரியமில வாயு ஐந்து முதல் ஆறு சதவீதம். கரைசலின் காரத்தன்மையை நிலைநிறுத்துவது இந்த வாயுதான். ஆக்சிஜன் பற்றி நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் அது ஏறத்தாழ 21 சதவீதம், கருக்குழாயிலும் கருப்பையிலும் இரண்டு முதல் எட்டு வரைதான். நமக்கு உயிர்க்காற்றாக இருப்பது, அந்தச் சிறு செல்களுக்கு அளவு மீறும்போது துருவைப் போல அரிக்கிறது. ஐந்து சதவீத ஆக்சிஜனில் வளர்த்துப் பார்த்த ஆய்வுகளை 2012இல் காக்ரேன் அமைப்பு தொகுத்து மதிப்பிட்டது. சாதாரணக் காற்றில் நூற்றுக்கு முப்பது பேர் பிள்ளை பெறும் மருத்துவமனையில், ஆக்சிஜனைக் குறைத்தால் அந்த எண்ணிக்கை 32க்கும் 43க்கும் இடையில் உயரக்கூடும் என்பது அதன் கணிப்பு. பெண்ணின் உடலில் எதையும் மாற்றாமல், பெட்டிக்குள் போகும் வாயுவை மட்டும் மாற்றிப் பெறும் பலன் இது.

காற்று என்றதும் வடசென்னைக்காரனுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் இன்றும் புகையும் அனல்மின் நிலையம், உர ஆலை, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் முடிவில்லா வரிசை. எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுபவர்கள் இங்கே உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் நிறுவனத்தின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் தூக்கத்தில் இருந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். எண்ணெயும் வெள்ளமும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியதும் அதே மாதத்தில்தான்.

இந்தக் காற்றுக்கும் கண்ணாடி அறைக்குள் இருக்கும் கருவுக்கும் என்ன தொடர்பு? 1997இல் அமெரிக்காவில் ஜாக் கோஹனும் அவருடைய குழுவினரும் கருவியல் ஆய்வகங்களின் காற்றை அளந்து பார்த்தார்கள். தூசியை வடிகட்ட ஹெப்பா வடிகட்டிகள் இருந்தன. அவை 0.3 மைக்ரான் அளவுத் துகளைக்கூட விடுவதில்லை. ஆனால் பென்சீன் போன்ற ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் தனித்தனி மூலக்கூறுகள். மீன் வலையில் கடல்நீர் நிற்குமா? அவை தாராளமாக உள்ளே வந்திருந்தன. வெளிக்காற்றிலிருந்து மட்டுமல்ல, துப்புரவுத் திரவங்களிலிருந்தும், மயக்க மருந்துகளிலிருந்தும், கரியமில வாயு சிலிண்டரிலிருந்துமேகூட வந்திருந்தன. அவற்றில் சில இன்குபேட்டருக்குள் சேர்ந்து செறிந்திருந்தன. கருவுக்கு நுரையீரல் இல்லை, கல்லீரல் இல்லை. நஞ்சைச் சலித்து வெளியேற்ற அதனிடம் எதுவும் இல்லை.

அதன்பின்தான் கருவியல் ஆய்வகங்களில் செயலூட்டிய கரியும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொண்ட வடிகட்டிகள் பரவலாயின. உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றுக் கூட்டி வைத்து வெளிக்காற்று நுழையாமல் பார்த்துக்கொள்வது, அறைக்குப் புது வண்ணம் பூசினால் மணம் போகும்வரை திறக்காமல் இருப்பது, பணியாளர்கள் நறுமணத் தைலம் பூசாமல் வருவது ஆகியவை நெறிகளாயின. கருவை மூடும் எண்ணெயும் சோதனைக்கு உள்ளானது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வைத்த கனிம எண்ணெயில் பெராக்சைடு உருவாகிக் கருவைக் கொல்லும். காவலுக்கு வைத்த படலமே எமனாகிவிடும். ஆகவே எண்ணெயோ தட்டோ புதிதாக வந்தால் முதலில் சுண்டெலியின் கருவை அதில் வளர்த்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

2010இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் முதன்முறையாகச் சிகிச்சை பெற்ற 7403 பெண்களின் பதிவுகளை அந்தந்த ஊர்க் காற்றின் அளவீடுகளோடு ஒப்பிட்டது. வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு, வீட்டருகே ஆனாலும் ஆய்வகத்தருகே ஆனாலும் கூடியபோது கருத்தரிப்பு குறைந்திருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு தூய ஆய்வகத்திலும் பல கருக்கள் நின்றுவிடும். குரோமோசோம் பிழைகள், முட்டையின் வயது, விந்தணுவின் குறை என்று தட்டுக்கு வெளியே காரணங்கள் பல. ஆய்வகத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடுவது பழைய தீர்ப்பைத் திருப்பி எழுதுவது மட்டுமே. ஆனால் தோல்விக்குக் காரணம் தேடும்போது அந்த ஐந்து நாட்களையும் விசாரணைக்குள் கொண்டுவர வேண்டும். அந்தத் துளியின் முழு உட்பொருளை அதை விற்கும் நிறுவனங்கள் இன்றும் பெரும்பாலும் வெளியிடுவதில்லை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2021இல் இந்தியாவில் இச்சிகிச்சைக்கென ஒரு சட்டம் வந்தது. 1844இல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசின் கருத்தரிப்பு மையம் திறக்கப்பட்டது. நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போய்வந்த ராயபுரத்துத் தம்பதிக்கு அது சில பேருந்து நிறுத்தத் தொலைவு. அங்கே போகும் பெண்ணிடம் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு. வெற்றி விகிதம் எவ்வளவு என்று கேட்பதோடு, கரு வளரும் அறையின் காற்றை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, அது உங்கள் உடம்பைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

எட்டுச் செல்களுக்கு இந்தக் காற்று ஆகாது என்று கண்டுபிடித்து, அதைக் கரியாலும் பெர்மாங்கனேட்டாலும் சலித்துத் தருகிறோம். அந்தச் செல்கள் கோடியாகப் பெருகி, பிள்ளையாகப் பிறந்து, எண்ணூரில் ஒரு வீட்டுத் தொட்டிலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே சாளரம் திறந்திருக்கிறது. அந்தச் சாளரத்துக்கு வடிகட்டி எதுவும் இல்லை.