குதிரைகள் எங்கே போயின?

சம்பளச் சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே மொத்தச் சம்பளம் என்று ஒரு தொகை இருக்கும். பி.எஃப்., வரி, கடன் எல்லாம் பிடித்தது போக, கைக்கு வருவது வேறு தொகை. கார்களின் கதையும் இதேதான்! விளம்பரத்தில் போடுகிற குதிரைத்திறன் ஒன்று, சக்கரத்துக்கு வந்து சேர்வது இன்னொன்று.

குதிரைத்திறன் என்ற அளவு பிறந்ததே விற்பனைக்காகத்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரங்களை விற்றபோது, வாங்க வந்தவர்களில் பலர் அதுவரை குதிரைகளை வைத்து வேலை வாங்கியவர்கள். "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலையை ஒரு குதிரைத்திறன் என்று வாட் வைத்தார். இன்றைய கணக்கில் சுமார் 746 வாட்.

1960-களில் அமெரிக்கக் கார் நிறுவனங்களுக்குள் குதிரைத்திறன் போட்டி மூண்டது. அப்போது எஞ்சினைத் தனியே ஒரு சோதனை மேடையில் ஏற்றி அளப்பார்கள். ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், காரில் இருக்கும் சைலன்சர் என்று சக்தியைத் தின்னும் எதுவும் அதில் இருக்காது. அப்படிக் கிடைத்ததுதான் 'மொத்த' குதிரைத்திறன்.

இந்தத் துணைப் பாகங்களை எல்லாம் மாட்டி அளந்தால் கிடைப்பது 'நிகர' குதிரைத்திறன். 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டது. அந்த ஆண்டின் காடிலாக் எல்டோரடோ காரில் 8.2 லிட்டர் எஞ்சின். மொத்தம் 365, நிகரம் 235! 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் நிகர எண்ணுக்கே மாறின. எஞ்சின் அப்படியே இருக்க, 130 குதிரைகள் காகிதத்திலிருந்து காணாமல் போயின. அந்த ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சின்களின் திறன் உண்மையிலேயே குறைந்ததும் உண்டு. ஆனால் சரிவின் பெரும் பகுதி அளக்கும் முறை மாறியதால் வந்தது.

சரி, நிகர எண்ணாவது சாலைக்கு வருகிறதா? அதுவும் இல்லை. அது எஞ்சின் தண்டின் முனையில் அளந்தது. அங்கிருந்து கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், டயர் என்று ஒவ்வொரு இடத்திலும் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொண்டு வெப்பமாக்கிவிடுகிறது. பின்சக்கரத்தில் ஓடும் காருக்குச் சுமார் 15 சதவீதம் கழிப்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்து வாங்கியவர்களே ஒரு பெரிய நிறுவனத்தை மடக்கினார்கள். 1999-ல் ஃபோர்டு தன் மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று சொல்லி விற்றது. உரிமையாளர்கள் சிலர் காரை டைனோ என்ற உருளைப் பொறியின் மேல் ஏற்றி, சக்கரத்தில் வரும் திறனை அளந்தார்கள். 320-ல் 15 சதவீதம் போனால் சுமார் 270 இருக்க வேண்டும். வந்ததோ அதைவிடக் குறைவு. புகார்கள் பெருகின. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தியது. விற்ற கார்களையும் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டு, எஞ்சின் கம்ப்யூட்டர், புகைக்குழாய் பாகங்கள் ஆகியவற்றை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 2000-ஆம் ஆண்டு மாடலாக வழக்கமான கோப்ரா வரவே இல்லை.

2005-ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம், வெளியாள் ஒருவர் சாட்சியாக நின்று சோதனையைச் சரிபார்க்கும் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. ஆடிட்டர் கையெழுத்து மாதிரி! ஆனாலும் விளம்பரங்களில் வருவது இன்றும் எஞ்சினில் அளந்த எண்தான்.

கம்பெனி எழுதும் கணக்கைச் சரிபார்க்கும் வழி வாங்குபவரின் கையிலும் இருக்க வேண்டும். அது இருந்ததால்தான் கோப்ரா வாங்கியவர்களுக்கு நியாயம் கிடைத்தது.