சரஸ்வதி ஸ்டோர்ஸ்: ஓர் இசைத்தட்டு நிறுவனமும் பாரதி பாடல் உரிமையும்

சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களின் தொடக்கத்தில் சென்னையில் தொடங்கப்பட்ட இசைத்தட்டு நிறுவனம். காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார், கே.பி. வரதாச்சாரி, நாராயண ஐயங்கார் ஆகியோர் கூட்டாகத் தொடங்கினர். ஏவிஎம் திரைப்பட நிறுவனத்தின் முன்கதை என்று ஒரு வரியில் இதைக் கடந்துபோவதே வழக்கம். தமிழ்ப் பாடல்களின் உரிமை வரலாற்றில் இதற்கு அதைவிடப் பெரிய இடம் உண்டு.

மெய்யப்பரின் தந்தை ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திய கடையில் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. பிறர் தயாரித்த தட்டுகளை விற்பதைவிட, தாமே பாடகர்களைத் தேடிப் பதிவுசெய்வது மேல் என்ற எண்ணம் அந்தக் கடை அனுபவத்திலிருந்து வந்தது.

அன்று இந்தியச் சந்தை பெரும்பாலும் கிராமபோன் கம்பெனியின் பிடியில் இருந்தது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்த அந்த நிறுவனம், 1908இல் அங்கேயே தொழிற்சாலையும் திறந்திருந்தது. அதனுடன் போட்டியிட ஒரு சிறு நிறுவனத்திற்கு வேறொரு கூட்டாளி தேவைப்பட்டது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்துடன் சேர்ந்தது. இங்கே பாடகரையும் பாட்டையும் தேர்ந்தெடுப்பார்கள். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வரும். நிறுவனத்திடம் ஆலை இல்லை. இருந்ததெல்லாம் ரசனையும் கடையும் ஒப்பந்தங்களும்தான்.

பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் கீர்த்தனை அதற்குள் அடங்க வேண்டும். முழு நாடகம் என்றால் பல தட்டுகள் கொண்ட ‘செட்’. முகூர்த்தக் காலத்தில் ஆரணி, காஞ்சிபுரம் போன்ற பட்டு நெசவு ஊர்கள்வரை ஒலிபெருக்கியோடு இந்தத் தட்டுகளும் சென்றன. சபாக்களுக்குப் போகும் வழக்கமில்லாதவர்கள் பெரிய வித்வான்களின் குரலைக் கேட்டது இப்படித்தான்.

தட்டு வியாபாரத்திலிருந்து பேசும்படத்திற்குப் போவது இயல்பான அடுத்த படி. ‘அல்லி அர்ஜுனா’, ‘ரத்னாவளி’ (இரண்டும் 1935) படங்கள் கைகொடுக்கவில்லை. ‘நந்தகுமார்’ (1938) படத்தில் நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். குரலையும் உருவத்தையும் பிரிக்கலாம் என்பது பேசும்படக்காரர்கள் பலருக்குப் புதுமை. இசைத்தட்டுக்காரருக்கு அது அன்றாடம் பழகிய விஷயம்.

பாரதி பாடல்கள்

சுப்பிரமணிய பாரதி 1921இல் மறைந்தார். 1914ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகள்வரை, அதாவது 1971வரை, உரிமை நீடிக்கும். நூல் உரிமை பாரதியின் இளவல் சி. விசுவநாத ஐயர் பங்குகொண்ட பாரதி பிரசுராலயத்திடம் சேர்ந்தது. இசைத்தட்டு உரிமை தனியே பிரிந்து, 1934இல் சில நூறு ரூபாய்க்குச் சென்னையில் நகை வணிகம் செய்த ஜெசிங்லால் மேத்தாவிடம் போனது. விற்றவர்களை இன்று குறைசொல்வது எளிது. கவிதை புத்தகத்தில் இருக்கும் பொருள் என்று எண்ணியவர்களுக்கு, அது ஒலியாக என்ன விலை பெறும் என்று கணிக்க அன்று வழியில்லை.

விலை தெரிந்தவர் மெய்யப்பர். 1946இல் மேத்தாவிடமிருந்து பல மடங்கு விலைக்கு அந்த உரிமையை வாங்கினார். 1947 ஜனவரியில் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் விடுதலையை எதிர்நோக்கியிருந்த நாட்டில் பெரும் வரவேற்பைப் பெற்றன. முதலீடு வீண்போகவில்லை.

சிக்கல் அடுத்த ஆண்டு வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ (1948) படத்தில் பாரதி பாடலொன்றைப் பயன்படுத்தினர். அவர்கள் பாரதி பாடலைப் படத்தில் சேர்த்தது அது முதல்முறை அல்ல. அவர்கள் நடித்த ‘மேனகா’ (1935) படத்திலேயே பாரதி பாடல் உண்டு. இம்முறை மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார். சட்டப்படி அவர் செய்ததில் தவறில்லை. ஆனால், மேடைதோறும் பாடப்பட்ட தேசியப் பாடலுக்கு ஒரு தனியார் ‘உரிமையாளர்’ இருக்கிறார் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

நாரண துரைக்கண்ணன் முன்னின்ற பாரதி விடுதலைக் கழகம், உரிமையை அரசு ஏற்க வேண்டும் என்று கோரியது. எழுத்தாளர்களின் கையில் பணமும் இல்லை, சட்டமும் இல்லை; பத்திரிகைப் பக்கங்களும் பொதுமக்களின் ஆதரவுமே இருந்தன. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு 1949 மார்ச்சில் பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்பதாக அறிவித்தது. நூல் உரிமைக்காகக் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பர் பணம் எதுவும் பெறாமல் தம் உரிமையை அரசிடம் ஒப்படைத்தார்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் எழுதுவோரும் உண்டு, எதிர்ப்புக்குப் பணிந்தார் என்று மட்டும் எழுதுவோரும் உண்டு. காசு கொடுத்து வாங்கி, அதற்காக நீதிமன்றம்வரை சென்ற ஒரு வணிகர், ஈட்டுத்தொகை கேட்டு வாதாட முழு வாய்ப்பு இருந்தும் அதைச் செய்யவில்லை என்பது பதிவாகியுள்ள செய்தி. 1950களின் நடுவில் அரசும் அந்த உரிமையைக் கைவிட்டுப் பாடல்களைப் பொதுவாக்கியது. அதன்பின் எந்த இசைத்தட்டு நிறுவனமும், எந்தப் படமும், எந்தத் தெருமுனைக் கச்சேரியும் பாரதியைப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.