கொம்பு முந்தியா, பிந்தியா?

புதுச்சேரியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனால், கடையின் மூலையில் இன்னும் ஒரு கிழட்டுக் கணினியைப் பார்க்கலாம். அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். இன்றைய கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோட் அதற்குத் தெரியாது. 'செல்வி' என்று அடிக்க ஆபரேட்டரின் விரல் முதலில் 'ெ' என்ற கொம்புக்குப் போகும், அப்புறம்தான் 'ச'. நம் கைப்பேசியிலோ 'ச' முதலில், எகரம் பிறகு.

இந்த ஊருக்குக் கொம்பு முந்துவது புதிதல்ல. 1908இல் பாரதியின் 'இந்தியா' இதழ் பிரிட்டிஷாருக்குத் தப்பி இங்கே வந்தபோது, அச்சுக் கோப்பவரும் ஈயக் கொம்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் அடுத்த எழுத்தைத் தேடியிருப்பார். கண்ணுக்குத் தெரியும் வரிசையே கைக்கும் வரிசை.

அதே வரிசை பிறகு தட்டச்சுப் பொறியில் ஏறியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வேலைக்குப் போன ஆர். முத்தையா, 247 எழுத்துகளைச் சில டஜன் விசைகளுக்குள் அடக்கி, பொறியை ஜெர்மனியில் செய்வித்தார். புள்ளிக்கு நகராத விசை: முதலில் புள்ளி விழும், உருளை அசையாது, அதன் கீழே மெய் வந்து உட்காரும். இரும்பின் வசதிக்காக வந்த ஏற்பாடு தட்டச்சுப் பள்ளிகளில் இலக்கணம் போல ஆகிவிட்டது.

கணினி வந்ததும் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு. ஈழத்தமிழர் கைகளில் உலகம் சுற்றிய பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை ஒளித்துவைத்தது. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி!

இதற்கிடையில் 1988இல் இந்திய அரசின் இஸ்கி குறியீடு, இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே சட்டை தைத்தது: ஒலிக்கும் வரிசையில் மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. 1991இல் யூனிகோட் அந்தச் சட்டையையே தமிழுக்கும் போட்டது. வேடிக்கை என்னவென்றால், பல்லவர் எழுத்திலிருந்து கெமர் வழியாகப் பிறந்த தாய்லாந்து எழுத்துக்கு யூனிகோட் விட்டுக்கொடுத்தது. அந்நாட்டின் பழைய தரத்தைக் கலைக்க அதற்கு மனமில்லாததால், அங்கே முன்னால் நிற்கும் உயிர்க்குறி முன்னாலேயே நிற்கிறது. பேரனுக்குக் கிடைத்த சலுகை தாத்தா வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கடைக் கணினி போன்றவற்றைத் தாங்கிய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014இல் கைவிரித்துவிட்டது. பழையதையெல்லாம் புது இயங்குதளங்கள் சுமக்க வேண்டுமா? கோப்புகளுக்காக வேண்டாம், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். விரல்களுக்காக வேண்டும் என்பேன். பழைய தட்டச்சு முறையைத் தாங்கும் நிரல் செய்வது இவ்வளவுதான்: அடித்த கொம்பைக் கையில் வைத்திருந்து, மெய் வந்ததும் இடம் மாற்றுகிறது. முப்பது வருடம் பழகிய விரலை மாற்றுவதற்கு இது எவ்வளவோ சுலபம்.

பத்திரிகை வாசகம் இப்போது கடைக்கு வாட்ஸ்அப்பில், யூனிகோடில் வருகிறது. ஆபரேட்டர் அதை ஒரு மாற்றியில் போட்டுப் பாமினி ஆக்குகிறார். பின்னால் நின்ற கொம்பு மறுபடி முன்னால் வந்து நிற்கிறது.