நானும் வெள்ளையன்தான்: 1923-ல் ஒரு வழக்கு

அமெரிக்கக் குடியேற்றம் பற்றிப் பேச்சு வந்தால் நம்ம ஆட்கள் 1965-ம் வருடச் சட்டத்தில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். எனக்கென்னவோ 1923-ல் இருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பகத் சிங் திண்ட் (தூக்கிலிடப்பட்ட பகத் சிங் இல்லை, இவர் வேறு) பஞ்சாபி சீக்கியர். 1913-ல் அமெரிக்கா வந்தார். 1918-ல் ராணுவத்தில் சேர்ந்து, நன்னடத்தைச் சான்றிதழோடு வெளியே வந்தார். குடியுரிமை கேட்டபோதுதான் சிக்கல். 1790-ம் வருடச் சட்டப்படி 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடிமகனாகலாம். 1870-ல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். நாம் இரண்டிலும் இல்லை.

1922 நவம்பரில் தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெள்ளையர் என்றால் 'காக்கேசிய' இனம், வெறும் தோல் நிறம் இல்லை என்றது. திண்ட் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. அன்றைய இனவியல் அறிஞர்கள் பலர் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரி 19-ல், அதே நீதிபதி சதர்லேண்ட் தீர்ப்பு எழுதினார்: அறிவியல் வகைப்பாடெல்லாம் வேண்டாம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்கிறானோ அவன்தான் வெள்ளையன். எங்கள் பாஷையில் சொன்னால், டெஸ்ட் பாஸ் ஆகிவிடும்போல இருந்ததும் விதியையே மாற்றிவிட்டார்கள். சதர்லேண்டும் இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்தான்!

அதற்கப்புறம் ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அதில் ஒருவர். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராகி, 1928-ல் தற்கொலை செய்துகொண்டார்.

இதுவரை பார்த்தால் அமெரிக்கா செய்த அநியாயம், அவ்வளவுதான். ஆனால் திண்ட் தரப்பு வாதத்தைப் படித்தால் வேறொன்று உறுத்துகிறது. அந்தச் சட்டம் தப்பு என்று அவர்கள் வாதிடவே இல்லை. நாங்கள் உயர்சாதி, கலப்பில்லாத ஆரியர்கள். நீங்கள் கறுப்பர்களைப் பார்ப்பது போலத்தான் நாங்கள் எங்கள் பூர்வகுடிகளைப் பார்க்கிறோம் என்றார்கள். வேலியை எடுக்கச் சொல்லவில்லை, வேலிக்கு உள்ளே ஓர் இடம் கேட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லை.

திண்டுக்குக் கடைசியில் 1936-ல், முன்னாள் ராணுவத்தினருக்கான சட்டத்தால்தான் குடியுரிமை கிடைத்தது. இந்தியர்கள் எல்லாருக்கும் அந்த வழி திறந்தது 1946-ல். அப்போதும் வருடத்துக்கு 100 பேருக்குத்தான் குடியேற அனுமதி.

இன்றைக்கு வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பால், இந்தியாவில் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறோம். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில் நம்மில் சிலர், 'நாங்க சட்டப்படி வந்தவங்க, படிச்சவங்க, வரி கட்டுறவங்க, எல்லை தாண்டி வர்றவங்க மாதிரி இல்லை' என்று பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு திண்டின் வக்கீல்தான் ஞாபகத்துக்கு வருகிறார். 'சாதாரண மனிதன்' தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டால், நம்ம டிகிரியைக் காட்டி என்ன பண்ணுவது?