சூட்டுக்களத்தின் வட்டம்

இலங்கையின் வன்னியில், மல்லாவியைச் சூழ்ந்த வயல்களுக்குப் பாலியாற்றின் வவுனிக்குளம் நீர் தருகிறது. பழைய குளமான இது 1950களில் திருத்தப்பட, துணுக்காய்ப் பகுதியில் குடியேற்றங்கள் பெருகின. முன்பு காலபோக நெல்லை மாசி, பங்குனியில் அறுத்து, கதிர்களைக் குவித்துச் சூடு வைப்பார்கள். அதன் பிறகு சூடடிக்கும் களம் வட்டமாகும்.

வட்டத்தின் நடுவே ஒரு கட்டை. அதைச் சுற்றிக் கதிரைப் பரப்பி, மாடுகளை வரிசையாகப் பிணைத்து நடத்தினார்கள். கட்டையை ஒட்டி நடக்கும் மாட்டுக்குச் சிறு வட்டம், விளிம்பில் நடப்பதற்கோ பெரிய ஓட்டம். அதனால் வயதான, சாதுவான மாடு உள்ளே நிற்கும். சுறுசுறுப்பானது வெளியே போகும். மிதிபட்டு உதிர்ந்த நெல்லைக் காற்றில் தூற்றிச் சுளகால் புடைத்து, மரைக்காலால் அளந்தார்கள்.

களத்துக்குள் பேச்சும் மாறும். களத்து நெல்லான பொலி குறைந்துவிடும், பூதம் கொண்டுபோய்விடும் என்ற அச்சத்தில் வழக்கமான பல சொற்களை விலக்கி, மாற்றுச் சொற்களையே வழங்கினார்கள். பிரித்தானிய அதிகாரி ஜே. பி. லூயிஸ் இந்தக் களமொழியைப் பற்றி 1884இல் கட்டுரை எழுதினார். வன்னி மாவட்டங்கள் பற்றிய அவரது கைநூல் 1895இல் வெளிவந்தது.

உழவு இயந்திரம் வந்த பின்னும் வட்டம் அழியவில்லை. மாடுகளின் இடத்தில் டிராக்டரின் சில்லுகள் கதிர்மேல் சுற்றிச் சுற்றி ஓடின. அறுவடையும் சூடடிப்பும் ஒரே இயந்திரத்துக்குள் போனதும் களத்தின் தேவை குறைந்தது. இப்போது நெல் வயல் வரம்பிலேயே சாக்கில் கட்டப்படுகிறது.