பலூன் கம்பெனியும் ஒரு நல்ல வாத்தியாரும்



நம் திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1987-இல் சென்னையில் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி மையம் ஆரம்பித்தது. சொல்லிக்கொடுக்க ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியை அழைத்தார்கள். சரியான தேர்வு. முதுகெலும்பில் விரிசல் கண்டு, தன் பந்துவீச்சு முறையையே மாற்றி மீண்டு வந்தவர் அவர். இளம் பையன்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வீசும் வழி அவருக்குத் தெரியும். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் எல்லாம் அங்கே பயின்றவர்கள்.

வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த சிறுவன் சச்சினிடம், பேட்டிங்கைக் கவனிக்கச் சொன்னவரும் அவரே. 2012-இல் அவருக்குப் பின் பொறுப்பேற்ற கிளென் மெக்ராத், இளமையில் அங்கே பயிற்சி பெற்றவர்.

இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, "உனக்கு இது வராது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எது வரும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.