சத்துவாச்சாரில இருந்து கிளாஸ்கோ வரைக்கும்

வேலூர்னா கோட்டை, சி.எம்.சி., வெயில். ஆம்பூர்னா ஷூ, பிரியாணி. இந்த லிஸ்ட்ல நாம அடிக்கடி விட்டுடுற பேரு, சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம்.

அப்பா ராணுவத்துல இருந்தவர், அவரும் பளுதூக்குற வீரர். அங்கேயிருந்துதான் மகனுக்கும் இந்த ஆசை. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி, 77 கிலோ பிரிவு. ஸ்னாட்ச்ல 149, கிளீன் அண்ட் ஜெர்க்ல 179, மொத்தம் 328 கிலோ. தங்கம்! வெள்ளியும் இந்தியாவுக்குத்தான்: ரவி கட்டுலு, 317 கிலோ. இந்த 317-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க.

2016-ல ரியோ ஒலிம்பிக், 11-வது இடம். அப்புறம் தொடையில காயம். 2018-ல ஆஸ்திரேலியாவுல கோல்டு கோஸ்ட் போட்டிக்குப் போனப்போ, பதக்கம் கிடைக்கும்னு அவருக்கே நம்பிக்கை இல்லை. ஸ்னாட்ச்ல இங்கிலாந்தோட ஜாக் ஆலிவர் 145, நம்மாளு 144. ஒரு கிலோ பின்னாடி! ஆனா கிளீன் அண்ட் ஜெர்க்ல ஆலிவர் 171-ஐ ரெண்டு தடவை முயற்சி பண்ணியும் முடியல. சதீஷ் 173 தூக்கினார். கடைசி வாய்ப்பை வேணாம்னு விட்டுட்டார், வலிக்கிற காலை எதுக்கு இன்னும் படுத்தணும்?

மொத்தம் எவ்வளவு தெரியுமா? அதே 317. கிளாஸ்கோல வெள்ளி வாங்கின எடை, இங்க தங்கம்.